கேட்டால் கொடுத்துவிடக்கூடிய ரகசியம்

அலுவலக மென்பொருள் எதிலாவது ஊடுருவல் நடந்துவிட்டால் அடுத்த வாரமே எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை வரும். சந்தேகமான லிங்க்கைத் தொடாதீர்கள், பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள், விழிப்பாக இருங்கள். கூடவே ஒரு பயிற்சி வீடியோ, கடைசியில் நாலைந்து கேள்வி, தேறியவர்களுக்கு ஒரு சான்றிதழ். அத்தோடு விஷயம் தீர்ந்துவிட்டதாகக் கணக்கு. சுற்றறிக்கையில் பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் உறுத்துகிறது. பேரோல், கணக்கு, சரக்கிருப்பு, வாடிக்கையாளர் பட்டியல் என்று ஒரே நாளில் ஏழெட்டு இடங்களில் லாகின் செய்து வேலை பார்க்கிற ஒருவரைப் பார்த்து, ஒருமுறைகூடத் தவறக் கூடாது என்கிறோம். தாக்குகிறவனுக்கோ ஒரே ஒரு தவறு போதும். விதியே இப்படிக் கோணலாக இருக்கும்போது ஆடுகிறவரைக் குறை சொல்லி என்ன பயன்?

உறுத்தலைக் கொஞ்சம் நோண்டிப் பார்த்தால் அடியில் எளிய விஷயம் ஒன்று தட்டுப்படும். பாஸ்வேர்டோ ஆறு இலக்க எண்ணோ, வாயால் சொல்லவோ விரலால் தட்டவோ முடிகிற எதையும் தவறான இடத்திலும் சொல்லலாம், தட்டலாம். லாகின் பாதுகாப்பு பற்றிய பேச்சு முழுக்க ரகசியம் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்பதையே சுற்றி வருகிறது. கேட்டால் கொடுத்துவிட முடிகிற ரகசியமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நீளமும் காலாவதியும்

பாஸ்வேர்டு பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அந்தச் சண்டை முடிந்துவிட்டது. பல அலுவலகங்களுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று, அவ்வப்போது மாற்றம் என்ற விதிகள் பரவியதில் பெரும்பங்கு, அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2000-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆவணத்துக்கு உண்டு. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், தான் சொன்னதில் பெரும்பாலானவற்றுக்காக இப்போது வருந்துவதாக 2017-ல் ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 2019-ல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்குப் பரிந்துரைக்கும் அடிப்படைப் பாதுகாப்பு அமைப்புகளிலிருந்து காலாவதி விதியை நீக்கியது. 2025-ல் வந்த நிஸ்ட்டின் நான்காம் திருத்தம் இன்னும் கறார்: கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் குறிப்பிட்ட இடைவெளியில் மாற்றச் சொல்லவே கூடாது. பாஸ்வேர்டு மட்டும்தான் காவல் என்றால் குறைந்தது 15 எழுத்து வேண்டும், பாஸ்வேர்டுக்கு மேல் கேட்கும் இன்னொரு சான்று, அதாவது இரண்டாவது காரணியும் சேர்ந்து வந்தால் 8 போதும். ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, அதில் இருப்பதை மறுக்க வேண்டும்.

காரணம் தெரிந்ததுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் மனிதர்கள் கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டுவார்கள், அல்லது மாதத்தின் பெயரை மாற்றுவார்கள். பழையது கசிந்திருந்தால் புதியதை ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அதனால் காலாவதியை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கசிவுப் பட்டியல் சோதனையை வையுங்கள். ஹேவ் ஐ பீன் போன்ட் தளத்தின் சேவையில் முழுப் பாஸ்வேர்டும் வெளியே போகாது: பாஸ்வேர்டைத் திருப்பி எடுக்க முடியாத குறியீடாக மாற்றும் கணக்கின் விடையான ஷா-1 ஹாஷில் முதல் ஐந்து எழுத்தை மட்டும் அனுப்புவீர்கள், அந்த ஐந்தில் தொடங்கும் எல்லா ஹாஷ்களும் திரும்பி வரும், ஒப்பிடுவது உங்கள் சர்வரிலேயே நடக்கும்.

பாஸ்வேர்டு மேனேஜர் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நீண்ட பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளும் என்பதற்காகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, முகவரி மாறினால் அது நிரப்ப மறுக்கும் என்பது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற போலித் தளத்தில் அது பேசாமல் இருக்கும். அந்த மௌனம்தான் எச்சரிக்கை. நடைமுறையில் இது எங்கே கெடுகிறது தெரியுமா? ஒரே மென்பொருளுக்கு லாகின் பக்கம் ஒரு டொமைனில் (தள முகவரியில்), மொபைல் பக்கம் இன்னொன்றில், பழைய கிளைக்கு மூன்றாவது ஒன்றில் இருக்கும். மேனேஜர் உண்மையான தளத்திலேயே அடிக்கடி நிரப்ப மறுக்கும். ஊழியர்கள் எரிச்சலோடு நகலெடுத்து ஒட்டப் பழகிவிடுவார்கள். போலித் தளம் வரும் நாளிலும் அதே கை, அதே ஒட்டல். ஒரு மென்பொருளுக்கு உரிய எல்லா லாகின் முகவரிகளையும் மேனேஜரில் அந்தப் பதிவின் கீழே சேர்த்து வைப்பது ஐடி பிரிவுக்கு அரை மணி நேர வேலை. பாஸ்வேர்டுப் பெட்டியில் ஒட்டவே விடாத மென்பொருள்களும் இருக்கின்றன. பாதுகாப்பு என்ற பெயரில், மேனேஜர் பயன்படுத்துகிறவர்களைத் தண்டிக்கிற வேலை அது.

நீளம் ஊகிக்கிறவனைத் தடுக்கும். கேட்டு வாங்குகிறவனுக்கு எட்டு எழுத்தும் ஒன்றுதான், இருபத்தைந்து எழுத்தும் ஒன்றுதான்.

முப்பது விநாடி

அடுத்தது ஆத்தென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்கம். இதன் உள்வேலை பலர் நினைப்பதைவிட எளிது. முதல் நாள் ஸ்கேன் செய்த கியூஆர் கோடுக்குள் ஒரு ரகசியச் சரம் இருக்கிறது. அதே சரம் சர்வரிலும் இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் இந்த நொடிவரை கடந்த விநாடிகளை 30-ஆல் வகுத்து, வரும் முழு எண்ணை அந்தச் சரத்தோடு சேர்த்து ஒரு ஹாஷ் கணக்குப் போட்டு, விடையைச் சுருக்கினால் ஆறு இலக்கம். இரு பக்கமும் தனித்தனியே கணக்குப் போட்டுச் சரிபார்க்கும். செயலிக்கு இணையமே தேவையில்லை. 2011-ல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தர ஆவணம் இதைத்தான் வகுத்துச் சொல்கிறது.

எண் சரியாகத்தான் அடித்தேன், ஏற்கவில்லை என்று புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது போனின் கடிகாரம். பொதுவாக சர்வர் முன்னே ஒன்று, பின்னே ஒன்று என ஒரு படி விலகலைப் பொறுத்துக்கொள்ளும். போன் ஒன்றிரண்டு நிமிடம் விலகியிருந்தால் எத்தனை முறை அடித்தாலும் ஏறாது. தானியங்கி நேரத்தை இயக்கினால் சரியாகிவிடும். சில சமயம் கோளாறு சர்வர் பக்கத்திலும் இருக்கும்: நிறுவனத்துக்குள்ளேயே ஓடும் பழைய சர்வரில் நேர ஒத்திசைவு நின்றுபோய் மெல்ல மெல்ல விலகியிருக்கும். ஒருவருக்கு வரவில்லை என்றால் போன். ஒரே காலையில் எல்லோருக்கும் வரவில்லை என்றால் சர்வர். அப்புறம், அந்த கியூஆர் கோடை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம். அந்தப் படம் யார் கையில் கிடைத்தாலும் அவர் போனிலும் அதே ஆறு இலக்கம் வரிசையாக வரும், நீங்கள் மாற்றும் வரைக்கும். குழு வாட்ஸ்அப்பில் அந்தப் படத்தைப் பகிர்ந்து ஆறு பேர் ஒரே கணக்கைப் பயன்படுத்துவது ஊரறிந்த ரகசியம்.

எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி இதைவிட ஒரு படி கீழே. எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொடுக்கும்படி தொலைபேசி நிறுவன ஊழியரை ஏமாற்றிவிட்டால் ஓடிபி நேரே அடுத்தவர் கைக்குப் போகும். அதற்காக இரண்டாவது காரணியே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் பல நாள் நின்றதற்கு வழிவிட்டது, வெளியிலிருந்து நிறுவன வலைக்குள் நுழையும் வழியான விபிஎன்னில் யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய கணக்கு. பாஸ்வேர்டு மட்டும்தான் அதற்குக் காவல். 2024-ல் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுச் சேமிப்புத் தளத்தில் தரவு வைத்திருந்த நிறுவனங்கள் வரிசையாகப் பறிகொடுத்தபோதும் இதே கதை: ஊழியர்கள், ஒப்பந்ததாரர்களின் கணினிகளிலிருந்து மால்வேர் என்ற தீய மென்பொருள் சுருட்டிய பாஸ்வேர்டுகள், அவற்றில் சில 2020-லேயே திருடப்பட்டவை, மாற்றப்படாமல், இரண்டாவது காரணி இல்லாமல் இருந்தன. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய சுமார் 165 நிறுவனங்களுக்குத் தகவல் சொன்னதாக, இதை ஆராய்ந்த பாதுகாப்பு நிறுவனமான மேண்டியன்ட் தன் அறிக்கையில் எழுதியது. ஓட்டை இருந்தாலும் குடை குடைதான்.

நடுவில் உட்காருகிறவன்

ஆறு இலக்கம் எப்படிக் கை மாறுகிறது என்பதை ஒருமுறை கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம். உங்கள் சம்பளச் சீட்டில் திருத்தம், இன்று மாலைக்குள் சரிபார்க்கவும் என்று ஒரு மின்னஞ்சல் வருகிறது. லிங்க்கைத் தொட்டால் நிறுவனத்தின் லாகின் பக்கம் திறக்கிறது. போலியாக வரைந்த பக்கம் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. தாக்குகிறவனின் சர்வர் நடுவில் உட்கார்ந்து, உண்மையான தளத்திலிருந்து உண்மையான பக்கத்தையே எடுத்து உங்களுக்குப் பரிமாறுகிறது. லோகோ, பின்னணிப் படம், இந்த மாத அறிவிப்பு எல்லாம் அசல். நீங்கள் பெயரும் பாஸ்வேர்டும் தட்டுகிறீர்கள். அது அப்படியே அசல் தளத்துக்குப் போகிறது. அசல் தளம் ஆறு இலக்கம் கேட்கிறது; அந்தக் கேள்வி உங்கள் திரைக்கு வருகிறது; நீங்கள் செயலியைத் திறந்து பார்த்துத் தட்டுகிறீர்கள். முப்பது விநாடிக் கெடுவெல்லாம் இங்கே பொருட்டே இல்லை, ஒரு விநாடிக்குள் எல்லாம் கடந்துவிடும். அசல் தளம் திருப்தியாகி, உள்ளே வந்தவருக்கென்று ஒரு செஷன் குக்கியைக் கொடுக்கிறது. நிகழ்ச்சி அரங்குகளில் வாசலில் சீட்டைச் சரிபார்த்துக் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்களே, அதுபோல; அதற்கப்புறம் யாரும் சீட்டைக் கேட்க மாட்டார்கள், பட்டையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பட்டை நடுவில் இருப்பவன் கையில் போய் விழுகிறது. உங்களுக்குச் சம்பளப் பக்கம் ஒழுங்காகத் திறக்கும். திருத்தம் ஒன்றும் காணோமே என்று மூடிவிட்டுப் போவீர்கள்.

பூட்டுப் படம் இருக்கிறதா என்று பாருங்கள் என்ற பழைய அறிவுரை இங்கே உதவாது. நடுவிலுள்ள தளத்துக்கும் சான்றிதழ் உண்டு. இலவசமாக, சில நிமிடங்களில் கிடைக்கும். உங்களுக்கும் அந்த சர்வருக்கும் இடையே யாரும் ஒட்டுக்கேட்கவில்லை என்பதை மட்டும்தான் பூட்டு சொல்கிறது. அந்த சர்வர் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. பார்க்க வேண்டியது முகவரி: முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருப்பதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்கு இரு புறமும் உள்ள இரண்டு துண்டுகள், சில நாடுகளின் முகவரிகளில் மூன்று, அவைதான் தளத்தின் சொந்தக்காரரைக் காட்டும். அதற்கு இடப்பக்கம் நிறுவனத்தின் பெயரை எத்தனை முறை எழுதியிருந்தாலும் மதிப்பில்லை. இதெல்லாம் சரி. ஆனால் போனில் முகவரியின் பாதிதான் தெரியும், அதுவும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு படிப்பவருக்கு. இந்த இடத்தில் மறுபடியும் விழிப்பாக இருங்கள் என்று சொன்னால் அது அறிவுரையாக இருக்காது, பொறுப்பைத் தள்ளிவிடுவதாகத்தான் இருக்கும்.

எண்ணுக்குப் பதிலாகப் போனில் ‘நீங்கள்தானா?’ என்று கேட்டு ஆம் என்று அழுத்தச் சொல்லும் முறை வேறு வகையில் உடைகிறது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தில் நடந்தது இது: ஓர் ஒப்பந்த ஊழியரின் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப லாகின் முயற்சி, ஒவ்வொன்றுக்கும் அவர் போனில் ஒரு கேள்வி. கடைசியில் ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். திரையில் தெரியும் இரண்டு இலக்கத்தைப் போனில் தட்டச் சொல்லும் முறையை 2023 மே முதல் மைக்ரோசாஃப்ட் தன் ஆத்தென்டிகேட்டரில் கட்டாயமாக்கியது இந்த வகைத் தொல்லைக்காகத்தான். தூக்கக் கலக்கத்தில் ஆம் என்று அழுத்துவதை அது நிறுத்தும். நடுவில் உட்காருகிறவனை நிறுத்தாது. அந்த இரண்டு இலக்கத்தையும் அவன் தன் பக்கத்தில் காட்டிவிடுவான்.

2022 ஜூலை, ஆகஸ்ட்

விழிப்பு பற்றிய வாதத்தை என்னளவில் முடித்துவைத்தது கிளவுட்ஃப்ளேர் 2022 ஆகஸ்டில் தானாகவே வெளியிட்ட ஒரு விவரம். ஜூலை 20 அன்று ஒரு நிமிடத்துக்குள் அதன் ஊழியர்கள் குறைந்தது 76 பேருக்கு எஸ்எம்எஸ் வந்தது. சிலருக்கு அலுவலகப் போனில், சிலருக்குச் சொந்தப் போனில், சிலரின் குடும்பத்தாருக்கும்கூட. உங்கள் பணி அட்டவணை மாறியிருக்கிறது என்ற தோரணையில் ஒரு லிங்க். நிறுவனத்தின் பெயரையும் அது பயன்படுத்தும் லாகின் சேவையான ஆக்டாவின் பெயரையும் சேர்த்து வைத்த டொமைன் அது. பதிவு செய்து நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, ஆகவே எந்தத் தடைப்பட்டியலிலும் இல்லை. பெயரும் பாஸ்வேர்டும் தட்டியதும் அவை டெலிகிராம் வழியாக உடனே தாக்குகிறவனிடம் போயின. அடுத்த பக்கம் ஆறு இலக்கம் கேட்டது. மூன்று ஊழியர்கள் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். இணையப் பாதுகாப்பையே தொழிலாக வைத்திருக்கும் நிறுவனம் என்பதை நினைவில் வையுங்கள். இவர்களே ஏமாந்தால் சரக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன எதிர்பார்க்கிறோம்?

ஆனாலும் யாராலும் உள்ளே வர முடியவில்லை. அங்கே ஆறு இலக்கமே கிடையாது; எல்லோரிடமும் இருந்தது யுஎஸ்பி பாதுகாப்புச் சாவி. ஏறக்குறைய அதே நாட்களில் அதே பாணியில் தாக்கப்பட்ட ட்விலியோ என்ற தகவல்தொடர்புச் சேவை நிறுவனத்தில் ஊழியர்களின் விவரங்கள் வேலை செய்துவிட்டன, வாடிக்கையாளர் தரவுவரை போய்விட்டார்கள். இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஒரே மாதிரிதான் ஏமாந்தார்கள். ஒரு இடத்தில் கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லை.

இந்தச் சாவியும், போனிலோ மடிக்கணினியிலோ இருக்கும் பாஸ்கீயும் உள்ளே ஒரே வகைதான். பதிவு செய்யும்போது அந்தத் தளத்துக்கென்றே ஒரு ஜோடிச் சாவி உருவாகும். பொதுச் சாவி சர்வருக்குப் போகும். தனிச் சாவியைத் தளம் ஒருபோதும் பார்ப்பதில்லை. லாகின் செய்யும்போது சர்வர் புதிதாக ஒரு தாறுமாறான எண்ணை அனுப்பும், சாதனம் தனிச் சாவியால் அதில் கையெழுத்திட்டுத் திருப்பும். நுட்பம் இருப்பது நடுவில்: எந்தத் தளம் கேட்கிறது என்பதை நீங்கள் பார்த்துச் சொல்வதில்லை, பிரவுசர் சொல்கிறது. டொமைனில் ஓர் எழுத்து மாறினாலும் அந்தத் தளத்துக்கு உரிய சாவி இல்லை என்று சாதனம் கையை விரித்துவிடும். நீங்கள் நூறு சதவீதம் ஏமாந்திருந்தாலும் சரி, கைரேகையை எத்தனை முறை வைத்தாலும் சரி. கூகுள் 2017 தொடக்கத்திலிருந்து இதைத் தன் ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியது. 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் யாருடைய அலுவலகக் கணக்கும் அதன்பின் இந்த வகை ஏமாற்றில் பறிபோகவில்லை என்ற தகவல் 2018-ல் வெளிவந்தது.

வைக்கும்போது இடறும் இடங்கள்

ஆளுக்கு இரண்டு சாவி பதிவு செய்ய வேண்டும். ஒன்று சாவிக்கொத்தில், இன்னொன்று பூட்டிய இழுப்பறையில். ஒன்றோடு நிறுத்தினால் தொலைந்த நாளில் ஹெல்ப்டெஸ்க்கை அழைப்பார்கள், அந்த வழி எவ்வளவு ஓட்டை என்பதைக் கீழே பார்ப்போம். சாவிக்கென்று ஒரு ரகசிய எண் (PIN) உண்டு. தொடர்ந்து மூன்று முறை தவறினால் கழற்றி மாட்டச் சொல்லும். மொத்தம் எட்டு முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் சாவியை அழித்துப் புதிதாகத் தொடங்குவது தவிர வழியில்லை, அதிலிருந்த எல்லாத் தளங்களின் பதிவும் போய்விடும். இதை முதல் நாளே சொல்லாவிட்டால் யாராவது ஒருவர் ஒன்பதாவது முறை முயலும்போதுதான் தெரியவரும்.

போனில் உள்ள பாஸ்கீயை வைத்து அலுவலகக் கணினியில் நுழைய, திரையில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்வார்கள். இரு சாதனத்திலும் ப்ளூடூத் இயங்க வேண்டும். போன் உண்மையிலேயே அந்தக் கணினிக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வழியாகத்தான். நிறுவனக் கொள்கைப்படி கணினிகளில் ப்ளூடூத்தை அணைத்து வைத்திருக்கும் இடங்களில் காரணம் புரியாத பிழைச் செய்தியோடு எல்லாம் நின்றுவிடும். தொலைக் கணினிக்குள் நுழைந்து அங்கே இருக்கும் பிரவுசரில் லாகின் செய்கிறவர்களுக்கு, கையில் உள்ள சாவி அந்தப் பக்கம் தெரியாது, இணைப்பு அமைப்பில் வெப்ஆத்தன் (சாவி லாகினுக்கான தர முறை) கடத்தலைத் தனியாக இயக்கினால் தவிர. பழைய டெஸ்க்டாப் மென்பொருள்கள் லாகினுக்கென்று உள்ளேயே ஒரு குட்டி பிரவுசரைத் திறக்கும். அதில் சாவி வேலை செய்யாமல் போக நிறைய வாய்ப்புண்டு. இந்த மூன்றையும் பத்துப் பேர் கொண்ட முன்னோட்டக் குழுவிலேயே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் குழுவில் ஐடி ஆட்களை மட்டும் போட்டால் எதுவும் தெரியாது. கணக்குப் பிரிவில் ஒருவர், கிடங்கில் ஒருவர், எப்போதும் பயணத்தில் இருக்கும் ஒருவர் வேண்டும்.

பாஸ்கீ டொமைனோடு பிணைந்தது என்பதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நிறுவனம் பெயர் மாற்றிக்கொண்டு லாகின் முகவரியைப் புது டொமைனுக்குக் கொண்டுபோனால் பழைய பாஸ்கீகள் அங்கே செல்லாது. திட்டத்தில் அதற்கென்று ஒரு மாதம் ஒதுக்காதவர்கள் திங்கட்கிழமைக் காலையில் தெரிந்துகொள்வார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய இடறல் ‘வேறு வழியில் முயல்க’ என்ற சின்னப் பொத்தான். சாவி கொடுத்தாகிவிட்டது, ஆனால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று எஸ்எம்எஸ்ஸும் ஆறு இலக்கமும் அப்படியே விடப்படும். நடுவில் உட்காருகிறவன் தன் பக்கத்தில் சாவித் தேர்வை மறைத்துவிட்டு மற்ற வழியை மட்டும் காட்டுவான். பலவீனமான வழி ஒன்று திறந்திருக்கும் வரை கணக்கின் பலம் அந்த அளவுதான். அட்மின், பேரோல், பணம் அனுப்பும் உரிமை உள்ளவர்கள் ஆகியோருக்கு மற்ற வழிகளை முதலில் மூடுங்கள். பிறருக்குச் சில மாதம் கழித்து மூடலாம்.

வாசலைத் தாண்டிய பிறகு

சாவிக்கும் எல்லை உண்டு. குக்கியைக் கணினியிலிருந்தே எடுத்துக்கொண்டு போகிற மால்வேர் வாசலைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. திருட்டு மென்பொருளோடு சேர்ந்து வந்து, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் உயிரோடிருக்கும் செஷன்களையும் அள்ளிக்கொண்டு தன்னையே அழித்துக்கொள்ளும். அலுவலகக் கணினியில் சொந்தக் கணக்கோடு பிரவுசரை இயக்கி, ஒத்திசைவையும் போட்டுவைத்தால் அலுவலகப் பாஸ்வேர்டு வீட்டுக் கணினிக்கும் போய்விடும். 2023-ல் ஆக்டாவின் வாடிக்கையாளர் உதவி அமைப்பில் நடந்த ஊடுருவலுக்குப் பெரும்பாலும் வழி இதுவாகத்தான் இருக்கும் என்று அந்த நிறுவனமே சொன்னது: ஓர் ஊழியரின் சொந்த கூகுள் கணக்கில் சேமிக்கப்பட்ட அலுவலகப் பாஸ்வேர்டு.

டேபை மூடினால் செஷன் முடியாது. பல மென்பொருள்களில் பாஸ்வேர்டை மாற்றினால்கூட ஏற்கெனவே உள்ளே இருப்பவர் உள்ளேயே இருப்பார். சந்தேகம் வந்த நிமிடம் செய்ய வேண்டியது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேற்று என்ற அமைப்பை அழுத்துவது, பிறகு பாஸ்வேர்டு, பிறகு புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆத்தென்டிகேட்டர் ஏதும் இருக்கிறதா என்று பார்த்து நீக்குவது, அப்புறம் மின்னஞ்சலில் தானாக முன்னனுப்பும் விதி. கடைசி இரண்டையும் மறந்துவிட்டுத்தான் அதே ஆள் மறுநாள் திரும்பி வந்ததைப் பார்த்து வியப்பார்கள். இதற்குப் பயந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை லாகின் கேட்கும் அமைப்புகளும் உண்டு. நாளுக்கு முப்பது முறை கேட்டால் எங்கே கேட்டாலும் பார்க்காமல் தட்டும் பழக்கம்தான் வளரும். சாதாரண வேலைக்கு ஒரு நாள் நீள செஷனும், பணம் அனுப்புதல், வங்கிக் கணக்கு எண் மாற்றம் போன்றவற்றுக்கு அந்த இடத்தில் மட்டும் மறுபடி சாவியும் கேட்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

அசல் தளத்திலேயே ஏமாறுவதும் உண்டு. டிவி போன்ற விசைப்பலகை இல்லாத சாதனங்களுக்காக, ஒரு குறியீட்டை வேறு கணினியில் தட்டி அனுமதி கொடுக்கும் வழி இருக்கிறது. கூட்டத்துக்கு அழைப்பு என்று சொல்லி அந்தக் குறியீட்டை அனுப்பி, மைக்ரோசாஃப்ட்டின் உண்மையான பக்கத்தில் தட்டவைத்து, உரிமையைத் தங்கள் பக்கம் வாங்கிக்கொண்ட ஒரு குழுவைப் பற்றி 2025 பிப்ரவரியில் அந்த நிறுவனம் எச்சரித்தது. டொமைன் அசல் என்பதால் பாஸ்கீயும் ஒத்துழைக்கும். அலுவலகத்தில் இந்த வழி யாருக்கும் தேவைப்படவில்லை என்றால் யார், எப்படி நுழையலாம் என்று வகுக்கும் நிபந்தனை அணுகல் கொள்கையில் மொத்தமாகத் தடுத்துவிடலாம். கூட்ட அறைச் சாதனங்களுக்கு மட்டும் விலக்கு போதும்.

இனி ஹெல்ப்டெஸ்க். போன் தொலைந்துவிட்டது, புதுப் போனைப் பதிவு செய்து கொடுங்கள் என்று ஒருவர் அழைக்கிறார். ஊழியர் எண், பிறந்த நாள், மேலாளர் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார். இவற்றில் எது ரகசியம்? 2023-ல் எம்ஜிஎம் கேளிக்கை விடுதிகளை முடக்கிய தாக்குதலில் ஹெல்ப்டெஸ்க்கை இப்படிப் பேசி ஏமாற்றியதாகவே பரவலாகச் செய்தி வந்தது. அழைத்தவரை அதே அழைப்பில் சரிபார்க்கக் கூடாது. துண்டித்துவிட்டு, பணியாளர் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குத் திரும்ப அழைக்க வேண்டும். அந்த எண்தான் தொலைந்தது என்றால் மேலாளர் தன் சொந்த லாகினுக்குள் வந்து ஒப்புதல் தர வேண்டும். கொடுப்பது ஒருமுறை மட்டும் செல்லும், ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும் தற்காலிகக் குறியீடாக இருக்க வேண்டும். கணக்குக்கு உரியவரின் மின்னஞ்சலுக்கும் மற்ற சாதனங்களுக்கும் உங்கள் லாகின் மீட்டமைக்கப்பட்டது என்ற அறிவிப்பு அந்த நொடியே போக வேண்டும். அவசரம், நிர்வாக இயக்குநர் கூட்டத்தில் காத்திருக்கிறார் என்று கத்துகிறவருக்கும் இதே நடைமுறைதான் என்று மேலிடம் எழுத்தில் கொடுத்திருந்தால்தான் எதிர்முனையில் இருப்பவரால் மறுக்க முடியும்.

எல்லா மென்பொருளையும் ஒரே லாகினின் கீழ் கொண்டுவந்தபின், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரே இடத்தில் மூடினால் போதும் என்று நம்புவார்கள். முக்கால்வாசி சரி. அதற்கு முன் காலத்தில் மென்பொருளுக்குள்ளேயே உருவாக்கிய பழைய பாஸ்வேர்டு அங்கே உயிரோடு இருக்கும். ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசுவதற்காக அவர் உருவாக்கிய ஏபிஐ சாவிகள் இருக்கும். போனில் திறந்திருக்கும் செஷன் அதன் ஆயுள் முடியும் வரை ஓடும். ஒவ்வொரு மென்பொருளிலும் நேரடி லாகினை அணைத்து, சாவிகளின் பட்டியலை ஆளோடு பொருத்திப் பார்ப்பது அலுப்பான வேலை. கலோனியல் பைப்லைனில் திறந்து கிடந்தது அப்படிப்பட்ட ஒரு கதவுதான்.

ஒரே லாகின் சேவையே படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்காக அவசரகால அட்மின் கணக்கு இரண்டு வேண்டும். எந்த ஆளோடும், எந்தப் போனோடும் இணைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி யுஎஸ்பி சாவியோடு, வெவ்வேறு பெட்டகத்தில். நுழைவுக் கொள்கைகள் எல்லோரையும் தவறுதலாக வெளியே தள்ளிவிட்ட நாளிலும் இவை உள்ளே போக வேண்டும், ஆகவே குறைந்தது ஒன்றையாவது அந்தக் கொள்கைகளிலிருந்து விலக்கி வைப்பார்கள். 90 நாளுக்கு ஒருமுறையாவது உண்மையிலேயே உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். ரகசிய எண் எழுதிய தாள் இருக்கிறது, சாவியைக் காணோம் என்பது அப்போதுதான் தெரியும். இந்தக் கணக்குகளில் யார் நுழைந்தாலும் உடனே எச்சரிக்கை போக வேண்டும். பல இடங்களில் அந்த எச்சரிக்கை நிறுவன மின்னஞ்சலுக்குத்தான் போகும்படி அமைத்திருப்பார்கள், அந்த மின்னஞ்சலும் படுத்துக் கிடக்கும் அதே லாகினுக்குப் பின்னால்தான் இருக்கும். அதனால் எச்சரிக்கையைக் குறைந்தது இரண்டு பேரின் போனுக்கு நேரடி அழைப்பாகவும் போகும்படி வையுங்கள், அந்த எண்களை அடுத்த சோதனையின்போது மறுபடி சரிபாருங்கள்.